சாய்கோடு எந்தப் பக்கம் சாயணும், மாமா?

போன ஞாயிற்றுக்கிழமை கீழ் கோத்தகிரியிலிருந்து அக்கா மகள் போன் செய்தாள். லேப்டாப்பில் சி டிரைவ் சிவப்பாகிவிட்டதாம், ஒரு ஜிபிகூட மிச்சமில்லையாம். காலேஜில் சொன்ன சாப்ட்வேரை ஏற்ற இடமில்லை.

"மாமா, டிரைவர்ஸ்னு ஒரு போல்டர் ஆறு ஜிபிக்கு சும்மா கெடக்கு. அழிச்சிடவா?"

"தொடாதே கண்ணு!"

நான் போட்ட சத்தத்தில் கடையில் ஜெராக்ஸுக்கு நின்றிருந்தவர் கையிலிருந்த சிட்டாவைக் கீழே போட்டுவிட்டார்.

இப்படிக் கத்தக் காரணம் இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் அதே மாதிரி போல்டரை நானும் அழித்தேன். அழித்த அன்றைக்கு ஒன்றுமே ஆகாது, அதுதான் இதில் இருக்கிற வினை. டிரைவர் என்பது வைஃபை, டச்பேட் மாதிரி பாகங்களை விண்டோஸ் இயக்க உதவும் சின்ன புரோகிராம். அந்த போல்டரில் கம்பெனிக்காரன் வைத்திருப்பது டிரைவர்களின் இன்ஸ்டாலர்கள், அதாவது அவற்றை ஏற்றும் பைல்கள். ஓடிக்கொண்டிருக்கும் டிரைவர்கள் விண்டோஸ் போல்டருக்குள், சிஸ்டம்32-க்குக் கீழே டிரைவர்ஸ்டோர் என்ற இடத்தில் தனியாக இருக்கின்றன. அதனால் வைஃபை வரும், பாட்டு கேட்கும், நாமும் கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக நினைத்துக்கொள்வோம். எட்டு மாசம் கழித்து விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டேன். வைஃபை இல்லை. டச்பேட் அசையவில்லை. வைஃபை டிரைவரை டவுன்லோட் செய்ய வைஃபை வேண்டும். ஒல்லி லேப்டாப் என்று ஆசைப்பட்டு வாங்கியதில் லேன் ஒயர் செருகும் ஓட்டையும் கிடையாது.

பஸ் பிடித்து, 33 கிலோமீட்டர் மலையிறங்கி மேட்டுப்பாளையம் போனேன். அங்கே கடைப் பையன் தன் போனை சார்ஜர் ஒயரில் லேப்டாப்போடு இணைத்தான், போனின் நெட்டை ஒயர் வழியாகக் கொடுக்கும் யூஎஸ்பி டெதரிங்கைத் தட்டினான், நெட் வந்துவிட்டது. அதற்கு விண்டோஸிலேயே டிரைவர் இருக்கிறதாம். பத்து நிமிஷ வேலை, முந்நூறு ரூபாய். அந்த ஒயர் என் வீட்டிலும்தான் இருந்தது.

சரி, அக்கா மகளுக்கு வருவோம். அவர்கள் வீட்டில் சிக்னல் கிடைப்பது பின்பக்கத் தண்ணீர்த் தொட்டி மேல் மட்டும். தொட்டித் திண்டில் லேப்டாப்பையும் பென்டிரைவையும் வைத்துக்கொண்டு உட்காரச் சொன்னேன். அழிப்பதற்கு முன் ஏறியிருக்கும் டிரைவர்களைப் பென்டிரைவில் காப்பி எடுக்கத்தான். முதலில் பென்டிரைவில் டிரைவர்ஸ் என்றே ஒரு காலி போல்டர். பிறகு ஸ்டார்ட்டில் சிஎம்டி என்று தேடி, அந்தக் கட்டளை ஜன்னலை ரைட் கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்க வேண்டும். சும்மா திறந்தால் அனுமதியில்லை என்று திருப்பி அனுப்பிவிடும். அப்புறம் ஒரே ஒரு வரிதான்: பிஎன்பியூடில் (டிரைவர்களைக் கையாள விண்டோஸிலேயே இருக்கும் கருவி), ஒரு இடைவெளி, சாய்கோடு, எக்ஸ்போர்ட், நடுக்கோடு, டிரைவர், இடைவெளி, நட்சத்திரம், இடைவெளி, பென்டிரைவின் எழுத்து, முக்கால் புள்ளி, இன்னொரு சாய்கோடு, போல்டர் பெயர்.

ஒரு வரிதான் என்று சொல்லிவிட்டேனே தவிர, போனில் சொல்லி முடிக்க இருபது நிமிஷம் ஆனது.

"சாய்கோடு எந்தப் பக்கம் சாயணும், மாமா?"

"முதல் கோடு கேள்விக்குறி இருக்கிற கீயில் இருப்பது. இரண்டாவது, என்டருக்கு மேலே இருப்பது."

"நட்சத்திரம்?"

"ஷிஃப்டும் எட்டும்."

இதற்குள் மஞ்சு இறங்கி லைன் இரண்டு தடவை அறுந்தது. மூன்றாவது தடவை கூப்பிட்டபோது, "ஓடுது மாமா, ஓஇஎம்னு நம்பர் நம்பரா ஓடுது" என்றாள். கடைசியில் இரண்டு எண்ணிக்கை வரும்: மொத்தம் எத்தனை டிரைவர், ஏற்றுமதியானது எத்தனை. இரண்டும் ஒன்றாக இருந்தால் நிம்மதி. அவளுக்கு 52-க்கு 52.

ஒவ்வொன்றும் தனித்தனி போல்டராக வந்திருக்கும். உள்ளே ஐஎன்எஃப், சிஸ், கேட் என்று முடியும் பைல்கள். ஐஎன்எஃப் குறிப்புச்சீட்டு, சிஸ்தான் டிரைவர், கேட் என்பது கையெழுத்து. "இதெல்லாம் தேவையா" என்று ஒன்றைத் தூக்கினால் மற்றதை விண்டோஸ் ஏற்காது. போல்டரை அப்படியே வைத்திருக்க வேண்டும். புது விண்டோஸ் போட்ட பிறகு, லேப்டாப்பின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியோடு நிற்பதை அப்டேட் செய்யச் சொல்லி, இந்தப் போல்டரைக் காட்டி, உள்போல்டர்களையும் பார் என்று டிக் போட்டால் அதுவே எடுத்துக்கொள்ளும். சில புது இன்டெல் லேப்டாப்களில் விண்டோஸ் போடும்போது எஸ்எஸ்டி டிஸ்க்கே கண்ணில் படாது. அந்த இடத்திலும் லோட் டிரைவர் பட்டனுக்கு இதே போல்டர் கைகொடுக்கும். ஒலி அமைப்புப் பலகை மாதிரி கம்பெனியின் கூடுதல் ஆப்கள் இதில் வராது. எனக்கு அவை போனால் சந்தோஷம்தான்.

இதை முடித்த பிறகே அந்த ஆறு ஜிபி போல்டரை அழிக்கச் சொன்னேன். டிரைவர்ஸ்டோரில் கை வைக்காதே, விண்டோஸ் கெட்டால் மீட்க வைத்திருக்கும் ரெக்கவரி பார்ட்டிஷனையும் தொடாதே என்றேன். பழைய டிரைவர்களை விண்டோஸின் டிஸ்க் கிளீனப்பே பார்த்து எடுக்கும். திறந்திருப்பதை டிஸ்க்கில் சேமித்துவிட்டு லேப்டாப்பைத் தூங்கவைக்கும் ஹைபர்னேஷனை நிறுத்தியதில் இன்னும் மூன்று ஜிபி. 128 என்று விற்று 119 காட்டுகிற டிஸ்க்கில் ஒன்பது ஜிபி என்பது பெரிய தொகை.

பென்டிரைவில் பெயர் எழுதி ஒட்டச் சொன்னேன். அது என்னவென்று தெரியாமல் வீட்டில் யாராவது எடுத்துவிடக் கூடாதே. பொறுப்பான பிள்ளை, வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி பால்பாயின்ட் பேனாவில் அழகாக 'டிரைவர்' என்று எழுதி டிவி மேல் வைத்திருக்கிறாள்.

அக்கா வீட்டுக்காரர் பச்சைத் தேயிலை ஏற்றும் பிக்கப் ஓட்டுகிறார். புதன்கிழமை அவரே போன் செய்தார். பாப்பா தனக்காகப் பென்டிரைவ் வாங்கி வைத்திருக்கிறாள் என்று அவருக்கு ஒரே பெருமை. உள்ளே என்னென்னவோ போல்டராக இருந்ததால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பாட்டு ஏற்றிக்கொண்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் தண்ணீர்த் தொட்டி. இந்த முறை போனிலும் ஒரு காப்பி.