அரசு சேவைக்குச் செயலி: முதல் கேள்வி
அரசு சேவைக்குச் செயலி என்ற பேச்சு வந்ததுமே ஃப்ளட்டரா, ரியாக்ட் நேட்டிவா (இரண்டுமே ஒரே நிரலில் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் செயலி எழுதும் கருவிகள்) என்று விவாதம் தொடங்கிவிடுகிறது. செயலி தேவைதானா என்று யாரும் கேட்பதில்லை.

வருடத்தில் ஒருமுறை சான்றிதழுக்கு விண்ணப்பிப்பவர் அதற்காக ஒரு செயலியை இறக்கி வைத்திருக்க வேண்டுமா? பலர் போனில் இடமே இருக்காது. மொபைலில் ஒழுங்காகத் திறக்கும் இணையதளம் போதும். பிரிட்டன் அரசின் டிஜிட்டல் பிரிவு 2013-இலேயே இந்த நிலையைத்தான் எடுத்தது. ஐபோனில்கூட 2023 முதல், முகப்புத் திரையில் சேர்த்த இணையதளம் அறிவிப்பு அனுப்பலாம்.

களப்பணியாளர் விஷயம் வேறு. சிக்னலே இல்லாத இடத்தில் வீடு வீடாக விவரம் பதிகிறார். சிக்னல் கிடைத்ததும் எல்லாம் ஏற வேண்டும். நடுவில் இணைப்பு அறுந்தால் ஒரே குடும்பம் இரண்டு முறை பதிவாகிவிடக் கூடாது. இங்கே செயலிதான் சரி, அதற்கு ஃப்ளட்டரே தாராளம். கைரேகைக் கருவியோடு ஓயாமல் பேச வேண்டிய வேலை என்றால் நேட்டிவ் பக்கம், அதாவது ஆண்ட்ராய்டு, ஐபோன் ஒவ்வொன்றுக்கும் தனியாக எழுதும் முறைக்கு, போகலாம்.

அப்புறம், எதில் எழுதினாலும் மூலநிரல், ஸ்டோர் கணக்கு, சைனிங் கீ (செயலியை வெளியிடுவது யார் என்று உறுதிசெய்யும் டிஜிட்டல் சாவி) மூன்றும் துறையின் கையில் இருக்கட்டும். இதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.