ஒரே ஒரு எபிசோடை வைத்து ஓட்டு

அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களுக்குத் தரப்படும் எம்மி விருதுகளில், காமெடி நடிகைக்கான விருது முழு சீசனுக்கும் சேர்த்துத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். இறுதிச் சுற்று ஓட்டெடுப்புக்கு நடிகை தரப்பு கொடுப்பதோ ஒரே ஒரு எபிசோட். எதைக் கொடுப்பது என்பதில்தான் பாதி வேலை.

சிரிப்பு அதிகமுள்ள எபிசோடை எடுத்துக் கொடுப்பது வழக்கமான தவறு. சிரிப்பு பலருக்கும் பங்கு போகும் எபிசோடாக அது இருந்தால், நாயகி அதில் கொஞ்ச நேரம் வந்து போவதோடு சரி. ஒரே எபிசோடுக்குள் அவர் இரண்டு மூன்று திசைகளில் போக வேண்டும். அரசியல் காமெடித் தொடரான 'வீப்' ஐந்தாம் சீசனில், அமெரிக்க அதிபராக வரும் நாயகி செலினாவின் அம்மா இறந்துபோகிறார். இறுதிச் சடங்கு நேரத்தில்தான் அதிபர் தேர்தலில் நெவாடா மாநில மறு எண்ணிக்கை கைவிட்டுப்போன செய்தி வருகிறது. இரங்கல் உரையில் செலினா உடைந்து அழ, தாய்ப்பாசம் என்று கூட்டம் உருகுகிறது. அவர் அழுவது போன ஓட்டுக்காக! இப்படி ஒரு காட்சி கையில் இருந்தால் எதை அனுப்புவது என்ற குழப்பமே இல்லை. செலினாவாக நடித்த ஜூலியா லூயி-டிரைஃபஸ் அந்த வேடத்துக்காக 2012 முதல் 2017 வரை வரிசையாக 6 எம்மி வாங்கினார். 'மர்ஃபி பிரவுன்' தொடருக்கு 5 வாங்கிய கேன்டிஸ் பெர்கன், இனிமேல் என் பெயர் வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டவர்.

அடுத்த சிக்கல், எந்தப் பிரிவு என்பது. 'ஆரஞ்ச் இஸ் த நியூ பிளாக்' தொடரில் ஒரே பாத்திரத்துக்காக உஸோ அடூபா 2014-இல் காமெடி கௌரவ நடிகை விருதும் 2015-இல் டிராமா துணை நடிகை விருதும் வாங்கினார். நடுவில் மாறியது விதி: அரை மணி நேரத் தொடர் காமெடி, ஒரு மணி நேரத் தொடர் டிராமா. 2021 கடைசியில் அந்த நேரக் கணக்கும் போய்விட்டது. கௌரவ வேடத்துக்கு இன்னொரு வரம்பு உண்டு. சீசனின் பாதி எபிசோடுகளுக்குக் குறைவாகத்தான் வந்திருக்க வேண்டும்.

நாயகியா, துணையா என்பதைத் தீர்மானிப்பது விண்ணப்பிக்கும் தரப்புதான். உணவகச் சமையலறையின் பதற்றத்தைக் காட்டும் 'த பேர்' தொடரின் அயோ எடபிரி முதல் சீசனுக்குத் துணை நடிகை விருது வாங்கினார். அடுத்த முறை நாயகிப் பிரிவுக்கு ஏறி ஜீன் ஸ்மார்ட்டிடம் தோற்றார். அவர் காலி செய்த துணைப் பிரிவில் அதே தொடரின் லைசா கொலோன்-ஸயாஸ் வென்றார். (அந்தத் தொடரைக் காமெடி என்பதே பெரிய காமெடி.)

பிரிட்டனின் பாஃப்டா தொலைக்காட்சி விருதுக் கணக்கு வேறு. காமெடி நடிப்புக்கு ஆண், பெண் என்று தனித்தனி விருது வந்தது 2010-இல். வெற்றியாளரைத் தேர்ந்தெடுப்பது நடுவர் குழு. நாயகி, துணை என்ற பிரிப்பும் கிடையாது. அதனால் 2020-இல் 'ஃப்ளீபேக்' தொடரில் அக்காவாகவும் தங்கையாகவும் நடித்தவர்கள் ஒரே பட்டியலில் மோதினார்கள். கேமராவைப் பார்த்துக் கண்ணடிக்கும் வசதியெல்லாம் தங்கை ஃபீபி வாலர்-பிரிட்ஜுக்குத்தான். விருதை எடுத்துக்கொண்டு போனது, முகத்தை இறுக்கமாகவே வைத்திருந்த அக்கா ஷான் கிளிஃபர்ட்.