அம்மாவின் கை வீங்கியிருந்த மூன்று மாதம்

வீட்டில் டயாலிசிஸ் செய்துகொள்பவர் இருந்தால், இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். இதுவரை அவருக்கு எந்தப் பக்கம், எந்த ரத்தக்குழாயில், எத்தனை நாள் குழாய் போட்டிருந்தார்கள் என்று ஒரு தாளில் எழுதி போனில் படம் எடுத்து வையுங்கள். அந்த ஒரு தாள் எங்களிடம் இல்லை, அதனால் அம்மா மூன்று மாதம் வலியோடு இருந்தார்.

எங்கள் வீடு தக்கலை பக்கம். செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். முதலில் கழுத்தில் வலது பக்கம் பெர்ம்கேத் (டயாலிசிஸுக்காக மாதக்கணக்கில் வைக்கும் குழாய்), அப்புறம் இடது கையில் ஃபிஸ்டுலா (ஊசி போட வசதியாகத் தமனியையும் சிரையையும் ஆபரேஷனில் இணைப்பது), அது தேறியதும் பெர்ம்கேத்தை எடுத்துவிட்டார்கள். அதுவரை ஒரு குறையும் இல்லை. ஃபிஸ்டுலாவில் ஊசி போடத் தொடங்கி இரண்டு மாதம் ஆனபோதுதான் இடது கை விரலில் இருந்து மேலே வீங்க ஆரம்பித்தது. வளையல் கழலவில்லை, தட்டானிடம் போய் வெட்டித்தான் எடுத்தோம்.

டயாலிசிஸ் மையத்தில் சொன்னது, "உப்பு, தண்ணி கூடிப்போச்சு, டிரை வெயிட்டைக் குறைக்கணும்." டிரை வெயிட் என்றால் கூடுதல் தண்ணீரை எடுத்தபின் இருக்க வேண்டிய எடை. சரி என்று நம்பினோம். கூடுதலாகத் தண்ணீர் எடுத்தார்கள். பிரஷர் இறங்கி, கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து அம்மா கத்தியதை நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கை மட்டும் வற்றவே இல்லை. உடம்பில் தண்ணீர் ஏறினால் இரண்டு காலும் முகமும் அல்லவா வீங்க வேண்டும், ஒரு கை மட்டும் ஏன் வீங்குகிறது என்று நானும் அன்றைக்குக் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை நீங்கள் கேளுங்கள்.

இதற்கிடையே சொந்தக்காரர் ஒருவர், ஆசானிடம் (நாட்டு வைத்தியர்) கொண்டுபோய் எண்ணெய் தடவினால் நீர் இறங்கிவிடும் என்றார். நம் ஊரில் இதைச் சொல்ல ஆள் இல்லாமலா போகும். நல்லவேளை, போகவில்லை. ஃபிஸ்டுலா உள்ள கையை உருவித் தடவக் கூடாது. பிரஷர் பார்க்கவும் ரத்தம் எடுக்கவும் கூட அந்தக் கையைக் கொடுக்கக் கூடாது.

ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தோம். "ஃபிஸ்டுலாவில் ஓட்டம் நன்றாக இருக்கிறது" என்று அறிக்கை வந்தது, எல்லோரும் நிம்மதியானோம். அங்கேதான் ஏமாந்தோம். கையில் உள்ளது டாப்ளரில் நன்றாகத் தெரியும், ஆனால் காறை எலும்புக்கும் நெஞ்செலும்புக்கும் பின்னால் ஓடும் பெரிய ரத்தக்குழாய் அதில் சரியாகத் தெரியாது. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கடைசியில் கண்டுபிடித்தது மையத்தில் புதிதாக வந்த டெக்னீஷியன் தம்பி. வழக்கமாக 130, 140 இருக்கும் வீனஸ் பிரஷர் (ரத்தம் உடம்புக்குத் திரும்பும்போது மெஷின் காட்டும் அழுத்தம்) 200-ஐத் தாண்டி அலாரம் அடிப்பதையும், ஊசி எடுத்தபின் பத்து நிமிடத்தில் நிற்கும் ரத்தம் அரை மணி நேரம் நிற்காததையும் அவன் குறித்து வைத்திருந்தான். "அம்மா, நெஞ்சில பச்சை நரம்பு புடைச்சிருக்கா?" என்று கேட்டான். "ஆமா மக்களே, கொஞ்ச நாளா இருக்கு" என்றார் அம்மா. எங்களிடம் சொல்லவே இல்லை.

திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டரிடம் போனோம். அவர் முதலில் கேட்டது, இடது பக்கம் எப்போதாவது குழாய் போட்டார்களா என்று. இல்லை, கழுத்தில் வலது பக்கம் மட்டும்தான் என்று நான் அடித்துச் சொன்னேன். அவர் அம்மாவின் இடது காறை எலும்புக்குக் கீழே ஒரு சின்னத் தழும்பைத் தொட்டுக் காட்டினார். முதல் முறை மூச்சுத்திணறி இரவில் கொண்டுபோனபோது அவசரமாக அங்கே ஒரு தற்காலிகக் குழாய் போட்டிருக்கிறார்கள். இருந்த பதற்றத்தில் யாருக்கும் நினைவில்லை. அந்த இடத்துக் குழாய்தான் ரத்தக்குழாயின் உட்சுவரை உரசிப் புண்ணாக்கி, தழும்பாகிச் சுருங்க வைப்பதில் மிக மோசமானதாம். முடிந்தவரை வலது கழுத்தில் போடச் சொல்வது அதனால்தான். சுருக்கம் அதுவரை சத்தமில்லாமல் இருந்திருக்கிறது. அதே பக்கத்தில் ஃபிஸ்டுலா வைத்து ஓட்டம் கூடியதும் ரத்தம் திரும்ப வழியில்லாமல் கை வீங்கிவிட்டது.

அந்தக் குழாய் எத்தனை நாள் இருந்தது என்று தெரிய பழைய டிஸ்சார்ஜ் சம்மரி வேண்டும் என்றார் டாக்டர். அதற்கு நான் அலைந்ததுதான் இன்னும் ஆறவில்லை. முதல் தடவை போனபோது ரெக்கார்ட் பிரிவில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "நோயாளி கையெழுத்துப் போட்ட கடிதம் வேணும்" என்றார். கடிதத்தோடு போனால் "ஆதார் நகல் எங்கே?" இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே. இரண்டு நாள் கூலி போனது. மூன்றாம் முறை கிடைத்தது: இடது பக்கம், பத்தொன்பது நாள். அசல் ஆதார், நகல், கடிதம், பழைய ஓ.பி. எண் நான்கையும் முதலிலேயே கொண்டுபோங்கள்.

வெனோகிராம் (மருந்து செலுத்தி ரத்தக்குழாயை எக்ஸ்ரேயில் பார்ப்பது) எடுத்த அன்றே சுருங்கிய இடத்தைப் பலூன் வைத்தும் விரித்தார்கள். டயாலிசிஸ் இல்லாத நாளாகப் பார்த்து புதன்கிழமை போனோம். மரத்துப்போக ஊசி மட்டும்தான், அம்மா விழித்தே இருந்தார், பலூன் விரியும்போது வலித்தது என்றார். ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் வைக்கவில்லை. காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே அது நசுங்கிவிடலாம் என்று டாக்டர் விளக்கினார். வியாழக்கிழமை வீனஸ் பிரஷர் 140. அந்த எண்ணைப் பார்த்து நான் மெஷின் பக்கத்திலேயே அழுதுவிட்டேன்.

நாலு நாளில் விரல் மடங்கியது. இது திரும்பச் சுருங்கலாம், சில மாதத்திலேயே மறுபடியும் பலூன் வைக்க வேண்டி வரலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் தையல் டேப்பால் முழங்கைக்கு மேலே ஒரே இடத்தில் இரண்டு கையையும் அளந்து காலண்டரில் எழுதுகிறேன். போன வாரம் இடது கை அரை சென்டிமீட்டர்தான் கூடுதல். அம்மா புது வளையல் கேட்டிருக்கிறார், வலது கைக்கு மட்டும் வாங்கியிருக்கிறேன்.