லக்கி பிளாசாவில் நாலு பாட்டில், மீதி தேக்காவில்: சிங்கப்பூரில் பிலிப்பினோ சமையல்

சிங்கப்பூரில் பிலிப்பினோ சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று யாரைக் கேட்டாலும் ஆர்ச்சர்ட் சாலை லக்கி பிளாசாவைத்தான் காட்டுவார்கள். வீட்டு வேலைக்கு வந்தவர்கள், தாதியர், கடை ஊழியர்கள் என்று இங்கிருக்கும் பிலிப்பினோக்கள் ஞாயிற்றுக்கிழமை கூடுமிடம் அது. பணம் அனுப்பும் கவுன்டர், ஊருக்குப் பெட்டி கட்டி அனுப்பும் கடை, மளிகை, சாப்பாட்டுக்கடை எல்லாம் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. 2013-இல் பிலிப்பீன்ஸின் துரித உணவு நிறுவனமான ஜாலிபீ தன் முதல் சிங்கப்பூர்க் கிளையை அங்கேதான் திறந்தது. பொரித்த கோழிக்கும் இனிப்பான ஸ்பகெட்டிக்கும் அங்கே வரிசையில் நிற்கலாம். வீட்டுச் சாப்பாட்டின் ருசி வேண்டுமென்றால் அதே கட்டடத்தின் சின்னச் சாப்பாட்டுக்கடைகளுக்குப் போக வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் தட்டுத் தட்டாகச் சமைத்து வைத்திருப்பார்கள். வேண்டியதைக் கைகாட்டினால் சோற்றோடு வைத்துத் தருவார்கள்.

ஞாயிறு காலை பதினொரு மணிக்குள் போய்விடுவது நல்லது. அன்றைக்குத்தான் வகைகள் அதிகம். சீக்கிரம் தீர்ந்து புதிதாக வந்துகொண்டே இருப்பதால் எதுவும் மணிக்கணக்கில் ஆறிக் கிடக்காது. மதியத்துக்கு மேல் உட்கார இடம் கிடைப்பது கஷ்டம். மளிகை மட்டும் வாங்குவதற்கு வார நாளே சரி. லேபிளை நின்று படிக்க இடமிருக்கும்.

எதைக் கைகாட்டுவது என்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். அடோபோ (வினிகரில் வேகும் கறி), கரே-கரே (நிலக்கடலைக் குழம்பு) போன்ற குழம்பு வகைகள் தட்டில் இருந்தாலும் ருசி குறையாது. அடோபோ ஊற ஊற நன்றாகவே ஆகும். லும்பியா (உள்ளீடு வைத்துச் சுருட்டிப் பொரித்தது), பொரித்த மீன், மொறுமொறுப்பான பன்றித் துண்டுகளை மட்டும் தட்டிலிருந்து எடுக்காதீர்கள், நமுத்துப் போயிருக்கும். புதிதாகப் பொரித்துத் தருவார்களா என்று கேளுங்கள். சினிகாங் என்னும் புளிச் சூப்பைக் கேட்டால், கீரை பச்சை நிறம் மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பழுப்பாகியிருந்தால் காலையிலிருந்து கொதித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

பன்றி இறைச்சி சாப்பிடாதவர்கள் ஒவ்வொரு தட்டுக்கும் கேட்டே ஆக வேண்டும். சைவர்களுக்கு இன்னும் சிரமம். வெறும் காய்கறிக் கூட்டாகத் தெரியும் பினக்பெட்டில் இறால் விழுது இருக்கும், பாசிப்பயறுக் குழம்பில் பன்றித் தோலோ கருவாடோ கிடக்கும். சைவர்கள் இந்தச் சமையலை வீட்டில் செய்துகொள்வதுதான் வழி.

வீட்டில் செய்ய என்ன வாங்க வேண்டும்? பிலிப்பினோ கடையில் வாங்கியே தீர வேண்டியவை நாலு பாட்டில்தான்: வினிகர், சோயா சாஸ், மீன் சாஸான பாதிஸ், இறால் விழுதான பாகோங். மற்றதெல்லாம் லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையிலும் பக்கத்து ஈரச் சந்தையிலும் கிடைக்கும். பிலிப்பினோ சமையலுக்கு உயிர் புளிப்புதான். அந்தப் புளிப்பு எதிலிருந்து வருகிறது என்பதில் தவறினால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை.

வினிகரை முதலில் பார்ப்போம். பிலிப்பினோ வீடுகளில் அதிகம் புழங்குவது கரும்பு வினிகர். தாத்து பூத்தி என்ற பெயரில் எங்கும் கிடைக்கும். தென்னங்கள்ளிலிருந்து எடுப்பதும் உண்டு. அது கிடைக்காத ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு நல்ல மாற்று, இலங்கைக் கடைகளில் விற்கும் தென்னை வினாகிரி. ஒரே மரம், ஏறக்குறைய ஒரே முறை. வாங்கும்போது லேபிளைப் பாருங்கள்: அதே அலமாரியில் அசெட்டிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்த செயற்கை வினிகரும் இருக்கும். அதை ஊற்றினால் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் மூக்கில் ஏறும் நெடி போகாது.

அடோபோவுக்கு அளவு: ஒரு கிலோ கோழித் தொடை அல்லது பன்றி வயிற்றுக்கறி, 120 மில்லி வினிகர், 80 மில்லி சோயா சாஸ், ஒரு முழுப் பூண்டு நசுக்கியது, ஒரு தேக்கரண்டி முழு மிளகு, மூன்று இலை, 200 மில்லி தண்ணீர். இலையில்தான் நம்மவர்கள் இடறுகிறார்கள். நம் மளிகைக் கடையில் தரும் பிரிஞ்சி இலையில் நீளவாக்கில் மூன்று நரம்பு ஓடும், பட்டை வாசனை அடிக்கும். அதைப் போட்டால் அடோபோ பிரியாணிப் பக்கம் போய்விடும். நடுவில் ஒரே நரம்புள்ள லாரல் இலையைச் சூப்பர்மார்க்கெட்டில் வாங்குங்கள்.

கறியையும் பூண்டையும் லேசாகச் சிவக்க வதக்கி, மற்றதைச் சேர்த்து, வினிகரைக் கடைசியாக ஊற்றி, மூடாமல், கிளறாமல் நன்றாகக் கொதிக்க விடுங்கள். பிலிப்பினோ சமையற்காரர்கள் இதில் கறாராக இருப்பார்கள்: கொதி வருமுன் கிளறினால் பச்சை வினிகர் வாசனை தங்கிவிடும் என்பார்கள். மூடாமல் வைப்பதில் காரணம் தெளிவு, நெடி ஆவியோடு வெளியேற வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துத் தணலைக் குறைத்து மூடலாம். கோழிக்கு 35 நிமிடம், பன்றிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், புளிப்புக்கு உலோக வாடை வரும். எவர்சில்வரோ மண்சட்டியோ எடுங்கள். உப்பைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். குழம்பு சுண்டச் சுண்டச் சோயாவின் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

சினிகாங் புளிச் சூப். புளி நம் வீட்டிலேயே இருக்கிறதே என்று எலுமிச்சை அளவு எடுத்துக் கரைத்து ஊற்றத்தான் கை போகும், அங்கேதான் கெடுகிறது. நாம் வைத்திருப்பது பழுத்துக் காய்ந்து கறுத்த புளி. அதில் இனிப்பும் நிறமும் உண்டு. சூப் புளிக்குழம்பு போலக் கலங்கிவிடும். சினிகாங்குக்குப் பச்சைப் புளியங்காய் வேண்டும். ஒன்றரை லிட்டருக்கு 200 கிராம் காயை வேகவைத்து மசித்து வடிகட்டினால் வெளிர் நிறத்தில் சுள்ளென்ற புளிப்பு வரும். புளியங்காய் கிடைக்காதபோது, மலாய்க்காரர்கள் பெலிம்பிங் பூலோ என்று சொல்லும் பிலிம்பிக்காய் பத்துப் பன்னிரண்டு போடலாம். பிலிப்பீன்ஸிலேயே காமியாஸ் என்ற பெயரில் அதைத்தான் போடுகிறார்கள். மாங்காயும் ஆகும். பொட்டலத்தில் வரும் சினிகாங் பொடியும் குறையொன்றுமில்லை, பிலிப்பினோ வீடுகளிலேயே அது சாதாரணம். அதில் உப்பும் சேர்ந்திருப்பதால் பாதியைப் போட்டு ருசி பார்த்துவிட்டு மீதியைப் போடுங்கள். பாதிஸ் அதற்குப் பிறகுதான்.

பன்றி விலா 750 கிராமை அரிசி கழுவிய இரண்டாம் தண்ணீரில் வைத்து, மேலே வரும் நுரையை வழித்தெடுங்கள். ஒரு வெங்காயம், இரண்டு தக்காளி சேர்த்து ஒரு மணி நேரம் மெல்லக் கொதிக்கட்டும். நான்கு சேப்பங்கிழங்கைத் தோல் சீவிப் போட்டால் இருபது நிமிடத்தில் கரைந்து சூப்புக்குக் கொஞ்சம் கொழகொழப்பைக் கொடுக்கும். முள்ளங்கிக்குப் பத்து நிமிடம், காராமணிக்காய்க்கும் வெண்டைக்காய்க்கும் ஐந்து. நீளப் பச்சை மிளகாயை முழுதாகப் போடுங்கள், கீறினால் காரம் இறங்கிப் புளிப்பை மூடிவிடும். புளிப்பைக் கறியும் கிழங்கும் முள்ளங்கியும் வெந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். முன்னாலேயே சேர்த்தால் கிழங்கும் முள்ளங்கியும் வேகாமல் விறைத்து நிற்கும், புளிக்குழம்பு வைப்பவர்களுக்கு இது தெரிந்ததே. கங்கோங் கீரையைப் போட்டதும் அடுப்பை அணைத்து மூடுங்கள்.

தேக்காவின் கீரைக் கடையில் நின்றால் இந்தச் சமையலில் பாதி நமக்குத் தெரிந்த பொருள் என்பது புரியும். மலுங்காய் என்று அவர்கள் தேடுவது முருங்கைக்கீரை. இஞ்சி தூக்கலாகப் போட்ட கோழிச் சூப்பான தினோலாவுக்கு அது இல்லாமல் ஆகாது. ஒரு கிலோ கோழிக்கு 50 கிராம் இஞ்சி, ஒரு சின்னப் பப்பாளிக்காய் அல்லது இரண்டு சௌசௌ, இரண்டு கைப்பிடி கீரை. கீரையை அடுப்பு அணைத்த பிறகு போட வேண்டும், கொதித்தால் கசந்து கறுக்கும். காம்புகளைச் சுத்தமாக உருவிவிடுங்கள். பொரியலில் தெரியாத காம்பு சூப்பில் தொண்டையில் குத்தும். பாசிப்பயறு, வாழைப்பூ, பாகற்காய், சேப்ப இலை எல்லாம் இப்படியே. பாகற்காயில் மட்டும் நம் முள்ளுப் பாகல் வேண்டாம், அதற்குக் கசப்பு அதிகம். சீனர் கடையில் விற்கும் வெளிர்ப்பச்சை வழுவழுப்புக் காய்தான் பினக்பெட்டுக்குப் பொருந்தும். சின்ன எலுமிச்சையான கலமான்சிக்கு அலையவே வேண்டாம், லீமாவ் கஸ்தூரி என்று எல்லாச் சந்தையிலும் இருக்கிறது.

அரிசிக்குத் தாய் மல்லிகை அரிசி சரி. பாஸ்மதியும் புழுங்கலரிசியும் பொருந்தாது. சோறு லேசாக ஒட்டினால்தான் குழம்பு பிடிக்கும்.

வளைகுடாவில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. வட பிலிப்பீன்ஸின் இலோக்கானோக்கள் விரும்பும் சாலுயோட் கீரை அரபுக்கடைகளில் முலுக்கியா என்ற பெயரில் உறைநிலையில் கிடைக்கும். பொடியாக நறுக்கிய பொட்டலத்தை விட்டுவிட்டு முழு இலைப் பொட்டலத்தை எடுங்கள், நறுக்கியது அளவுக்கு மீறிக் கொழகொழக்கும்.

இனிப்புகளில் போடும் ஊதாக் கிழங்கான ஊபே பற்றியும் சொல்ல வேண்டும். ஊதா நிறம் எல்லாம் ஊபே அல்ல. ஊதாச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு வேறு செடி, வேறு ருசி. யாழ்ப்பாணத்தில் கூழ் காய்ச்சும் இராசவள்ளிக்கிழங்கின் இனம்தான் ஊபே. இலங்கைக் கடைகளின் உறைபெட்டியில் அது இருக்கும். வெள்ளைச் சதை வகையும் உண்டு என்பதால் நிறத்தைக் கேட்டு வாங்குங்கள். வேகவைத்து மசித்த கிழங்கு அரைக் கிலோ, தேங்காய்ப்பால் 400 மில்லி, ஒரு டின் இனிப்புக் கெட்டிப்பால், 60 கிராம் வெண்ணெய். அடிகனமான சட்டியில் சிறுதீயில் முக்கால் மணி நேரம் அல்வா போலக் கிளறினால் ஹலாயா என்னும் ஊபே இனிப்பு தயார். கடையில் பார்க்கும் அடர்ந்த நிறம் வராது. அங்கே சாயமும் எசன்ஸும் சேர்ப்பது வழக்கம்.

பாகோங்கில் இரண்டு வகை. இளஞ்சிவப்பான பச்சை விழுது உப்புக் கரிக்கும், வதக்கித்தான் சேர்க்க வேண்டும், பினக்பெட்டுக்கு அது. வதக்கி இனிப்புச் சேர்த்துப் பாட்டிலில் வருவது கரே-கரேக்கும் மாங்காய்க்கும் தொட்டுக்கொள்ள. இடம் மாறினால் இரண்டுமே கெடும். திறந்த பாட்டிலைக் குளிர்பெட்டியில் வைத்து, ஈரமில்லாத கரண்டியால் எடுங்கள்.

ஊரிலிருந்து பன்றித் தொத்திறைச்சியான லொங்கனிசாவையும் இனிப்பில் ஊறிய பன்றிக்கறியான தொசினோவையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். 2019-இல் பிலிப்பீன்ஸில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உறுதியான பிறகு பல நாடுகளில் கெடுபிடி கூடிவிட்டது. தைவானில் முதல் முறை பிடிபட்டாலே இரண்டு லட்சம் தைவான் டாலர் அபராதம் என்று அறிவித்தார்கள். தொசினோவை வீட்டிலேயே செய்யலாம். ஒரு கிலோ பன்றித் தோள்கறியை விரற்கடை தடிமனுக்கும் மெல்லிதாக நறுக்கி, அரைக் கோப்பை பழுப்புச் சர்க்கரை, ஒன்றரை மேசைக்கரண்டி உப்பு, ஆறு பல் பூண்டு, அரைக் கோப்பை அன்னாசிச் சாறு கலந்து இரண்டு நாள் குளிர்பெட்டியில் வையுங்கள். டின்னில் வரும் சாறுதான் வேண்டும். பச்சை அன்னாசியில் உள்ள நொதி இவ்வளவு நேரத்தில் கறியைக் கூழாக்கிவிடும். டின்னில் அடைக்கும்போது காட்டும் சூட்டில் அந்த நொதி செயலிழந்திருக்கும். வறுக்கும்போது எண்ணெயில் நேரே போட்டால் சர்க்கரை கருகும், உள்ளே வேகாது. கறி பாதி முழுகத் தண்ணீர் விட்டு வேகவைத்து, தண்ணீர் வற்றியதும் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, பாகு பளபளவென்று ஒட்டும் வரை புரட்டி எடுங்கள்.