பவளத்தின் தீனிக் கிண்ணம்

கடந்த ஐப்பசியில், மழை சற்று விட்டிருந்த ஒரு மாலையில், பாளையங்கோட்டையில் உள்ள எங்கள் வீட்டுக்கு லவ் பேர்ட் ஒன்று வந்து சேர்ந்தது. அதற்குமுன் எந்தப் பறவையையும் நான் வளர்த்ததில்லை. உடல் முழுவதும் பச்சை, நெற்றி முதல் தொண்டை வரை இளஞ்சிவப்பு, வாலுக்கு மேலே விரித்தால் மட்டும் தெரியும் நீலம். முகத்தின் நிறம் கண்டு பவளம் என்று பெயர் வைத்தோம்.

நம் பக்கத்தில் லவ் பேர்ட்ஸ் என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துக் காட்டப்படுவது ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட பட்ஜி என்னும் நீண்ட வால் சிறுகிளிதான். உண்மையான லவ் பேர்டை 'ஆப்பிரிக்கன்' என்ற அடைமொழியோடு கேட்க வேண்டியிருக்கிறது. இதில் ஒன்பது இனங்கள் உண்டு. எட்டு ஆப்பிரிக்க நிலப்பரப்பிலும் ஒன்று மடகாஸ்கரிலும் வாழ்பவை. பவளத்தின் இனம் நமீபியா, அங்கோலா பக்கத்து வறண்ட நிலங்களில் நீர்நிலைகளை ஒட்டிக் கூட்டமாக வாழ்வது. இந்த வேறுபாட்டை வாங்குவதற்கு முன்பே அறிந்திருப்பது நல்லது. ஏனெனில் இதன் அலகு பட்ஜியின் அலகைவிட வலியது, கடித்தால் இரத்தம் வரும், பத்துப் பதினைந்து ஆண்டுகள் நம்மோடு இருக்கக்கூடியது. பச்சைக்கிளி வளர்க்கலாமே என்று சிலர் கேட்டார்கள். நம் நாட்டுக் கிளிகளைக் கூண்டில் அடைப்பது 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பது இன்னும் பலருக்குத் தெரியவில்லை.

முதல் வாரத்தில் நான் செய்த ஒரு பிழையைச் சொல்லவே இதை எழுதுகிறேன். கிண்ணம் நிறையத் தினையும் சாமையும் கலந்து வைத்திருந்தேன். மறுநாள் பார்த்தபோதும் கிண்ணம் நிறைந்தே இருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. புது இடம் என்பதால் குறைவாக உண்கிறது, பழகினால் சரியாகிவிடும் என்று எண்ணினேன். மூன்றாம் நாள் அது சிறகுகளை உப்பிக்கொண்டு, கம்பியில் ஏறாமல், கூண்டின் தரையில் கண்களைப் பாதி மூடியபடி அமர்ந்திருந்தது. எச்சம் குறைந்து கரும்பச்சையாகியிருந்தது. கூண்டருகே வந்த ஆச்சி கிண்ணத்தை வெளியே எடுத்து ஒருமுறை ஊதினார். முற்றமெங்கும் உமி பறந்தது. கிண்ணத்தின் அடியில் ஏழெட்டு மணிகளே எஞ்சியிருந்தன.

"ஏட்டி, இது பூரா வெறும் உமில்லா கெடக்கு! பச்சப் புள்ளயப் பட்டினி போட்டுட்டியே" என்றார்.

சுளகில் புடைத்தே வாழ்ந்த ஆச்சிக்கு ஒரு மூச்சில் விளங்கியது எனக்கு மூன்று நாள்களாக விளங்கவில்லை. லவ் பேர்ட் தானியத்தை அப்படியே விழுங்குவதில்லை. அலகால் உருட்டி, பருப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, உமியைப் பெரும்பாலும் கிண்ணத்திலேயே உதிர்த்துவிடுகிறது. அந்த உமி மேலே படிந்து கிண்ணம் நிறைந்திருப்பதைப் போலவே தோற்றமளிக்கிறது.

அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசென்றேன். அவர் அதன் நெஞ்சைத் தடவிப் பார்க்கச் சொன்னார். நடு எலும்பு கத்தியின் விளிம்பைப் போல விரலில் தட்டுப்பட்டது. எடை 44 கிராம். இந்த இனத்துக்கு 50 முதல் 60 கிராம் வரை இருப்பது இயல்பு. பறவைகள் நோயை இயன்றவரை மறைத்துக்கொள்ளும், சோர்ந்து உட்காரும்போது காலம் கடந்திருக்கும், ஆகவே கண்ணைவிடத் தராசையே நம்பவேண்டும் என்று அவர் விளக்கினார். அன்று முதல் நாள்தோறும் காலையில் தீனி வைப்பதற்கு முன் சமையலறைத் தராசில் நிறுத்து நாட்குறிப்பில் எழுதிவருகிறேன். பத்தில் ஒரு பங்கு எடை குறைந்தால் காத்திருக்கக் கூடாது. ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பதை நம் மாவட்டத்துப் பறவை வளர்ப்போர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தானியம் மட்டும் போதாது என்பதையும் பிறகுதான் கற்றேன். உயிர்ச்சத்து ஏ, சுண்ணாம்புச்சத்து இரண்டும் தானியத்தில் குறைவு. முருங்கைக்கீரையும் கொத்தமல்லித் தழையும் கொல்லையிலேயே கிடைக்கின்றன. கேரட் துருவலைப் பவளம் விரும்பி உண்கிறது. சுண்ணாம்புச்சத்துக்குக் கணவாய் ஓடு, அதாவது நாட்டுமருந்துக் கடைகளில் கடல்நுரை என்று கேட்டால் கிடைப்பது, ஒரு துண்டைக் கூண்டில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். பட்டர் ஃப்ரூட், சாக்லேட், வெங்காயம் ஆகியவற்றை அண்டவிடக் கூடாது. சமையலறைக்கு அருகில் கூண்டை வைக்கவும் கூடாது. மிகையாகச் சூடேறிய நான்ஸ்டிக் பாத்திரத்திலிருந்து எழும் ஆவி சில நிமிடங்களிலேயே பறவையைக் கொன்றுவிடும். கொசுவர்த்தியை அடியோடு நிறுத்திவிட்டோம். ஆச்சி வெள்ளிக்கிழமைதோறும் போடும் சாம்பிராணியை முன்வாசலோடு முடித்துக்கொள்கிறார். இதை நான் கேட்கத் தயங்கிக்கொண்டிருந்தேன், அவராகவே செய்தார்.

சித்திரை வெயிலில் அலகைத் திறந்து, இறக்கைகளை உடலிலிருந்து விலக்கி நின்றால் அதற்கு வெக்கை தாங்கவில்லை என்று பொருள். அப்போது கூண்டை நிழலுக்கு மாற்றி, குளிக்க அகலமான மண்சட்டியில் தண்ணீர் வைப்பேன். ஆனி ஆடியில் மேல்காற்று வீசும்போது கூண்டின் மேற்குப் பக்கத்தைத் துணியால் மறைத்துவிடுவேன். வெளியே பறக்க விடும்போது முதலில் மின்விசிறியை நிறுத்த வேண்டும்.

தனித்து வளரும் லவ் பேர்டுக்கு நாம்தான் கூட்டம். நாளுக்கு இரண்டு மணி நேரமாவது அருகில் இருக்க முடியாதவர்கள் இணையாக வாங்குவதே நியாயம் என்பது என் கருத்து. தொடக்கத்தில் என் கையைக் கண்டாலே மூலைக்கு ஓடியது. கையைத் துரத்தவிடாமல், மாலைதோறும் கூண்டருகே அமர்ந்து பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். இருபத்தாறாம் நாள் கதவு வழியாக நீட்டிய தினைக்கதிரைக் கொத்திய பவளம், அதைத் தின்று முடிக்கும்வரை என் மணிக்கட்டில் நின்றது. நான் மூச்சைக்கூட மெல்ல விட்டேன்.

இப்போது அதன் எடை 53 கிராம். சில வாரங்களாகக் காகிதத்தை ஒரே அகலத்தில் நீள நீளமாகக் கிழித்து, வாலடிச் சிறகுகளுக்குள் செருகிக்கொண்டு பறக்கிறது. இந்த இனத்தில் பெட்டைகள் கூடு கட்டப் பொருள் சுமக்கும் முறை அது. ஆணையும் பெண்ணையும் தோற்றத்தில் பிரித்தறிய முடியாது என்றாலும், பவளம் பெட்டையாகத்தான் இருக்கும் என்று நம்புகிறோம். ஆண் இல்லாமலும் முட்டையிடும், அடுத்தடுத்து இட்டால் உடலிலுள்ள சுண்ணாம்புச்சத்து வற்றிவிடும் என்பதால் கூட்டுப்பெட்டி எதையும் நான் வைக்கவில்லை. இருண்ட மூலைகளையும் அடைத்துவிட்டேன். ஆச்சி மட்டும் பனங்குருத்து ஓலையை நார்நாராகக் கிழித்துக் கொடுக்கிறார். பவளம் நான்கைந்தைச் செருகிக்கொண்டு கூண்டின் மேல் போய் இறங்குவதற்குள் அனைத்தும் வழியிலேயே விழுந்துவிடுகின்றன. ஆச்சி குனிந்து பொறுக்கி மறுபடியும் கொடுக்கிறார்.