பில் தொகை வேறு, செலவு வேறு: தனியார் மருத்துவமனைகளில் செலவுக் கணக்கு எடுப்பது

அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு சிகிச்சைக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று முடிவு செய்ய, நோயாளிகளின் பில்களைத் திரட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பில் காட்டுவது மருத்துவமனையின் வருமானத்தை. அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் மருத்துவமனைகளிடம் ஆண்டுதோறும் செலவு அறிக்கை வாங்குகிறது. அதிலிருந்து கிடைக்கும், பில் தொகையில் செலவு எவ்வளவு என்ற விகிதத்தால் பில் தொகையைப் பெருக்கிச் செலவை மதிப்பிடும் ஆய்வாளர்கள் உண்டு. ஆனால் ஒரே துறைக்குள்ளும் எல்லாச் சேவைக்கும் ஒரே அளவு லாபம் வைப்பதில்லை என்பதால் இதில் பிழை நுழைந்துவிடும்.

கேட்க வேண்டியது, கணக்கு முடித்துத் தணிக்கையும் ஆன ஒரு நிதியாண்டின் லெட்ஜர் (வரவு செலவுப் பேரேடு). அனுமதி தருவது நிர்வாக இயக்குநர். தரவு இருப்பதோ கணக்கரிடமும் மருந்துக் கிடங்கிலும் உபகரணப் பராமரிப்பாளரிடமும். எல்லோரையும் தனித்தனியே பார்க்க வேண்டும். பொதுச் செலவுகளை மேலிருந்து, அதாவது மொத்தத் தொகையை ஓர் அளவுகோல் வைத்துத் துறைகளுக்குப் பிரிக்கலாம்: சலவைக்குத் துணியின் எடை, சமையலுக்குச் சாப்பாட்டு எண்ணிக்கை, துப்புரவுக்குத் தரைப்பரப்பு. அறுவை அரங்குக்கு நிமிடக் கணக்கு வேண்டும். அறுவை மருத்துவரிடம் நேரம் கேட்டால் கத்தி வைத்தது முதல் தையல் போட்டது வரை சொல்வார். நோயாளி உள்ளே வந்தது முதல் அடுத்தவருக்காக அரங்கைச் சுத்தம் செய்து முடித்தது வரை எடுங்கள். அரங்கப் பதிவேட்டையும் மயக்க மருந்துக் குறிப்பையும் ஒப்பிட்டால் நேரம் பிடிபடும்.

மிகக் கடினமான இடம் மருத்துவர் ஊதியம். சம்பளத்துக்கு இருப்பவர், கேஸுக்கு இவ்வளவு என்று வாங்குபவர், பில்லில் பங்கு பெறுபவர், நோயாளியிடம் நேரடியாகக் கட்டணம் வாங்கும் வருகை மருத்துவர் என்று ஒரே கட்டடத்தில் நான்கு வகையும் இருப்பார்கள். நேரடிக் கட்டணம் மருத்துவமனைக் கணக்கில் ஏறாமலே போகலாம். உரிமையாளரே மருத்துவர் என்றால் சம்பளம் என்றே ஒன்று இருக்காது. அவருடைய உழைப்பும் லாபமும் கலந்து கிடக்கும். அவர் வேலை செய்யும் மணிநேரத்தை எண்ணி, அதே துறையில் அதே அனுபவமுள்ளவரின் மணிநேரச் சந்தைச் சம்பளத்தால் பெருக்கிச் சேர்க்க வேண்டும். இதை விட்டுவிட்டால் சிறிய மருத்துவமனைகள் மலிவானவை போலத் தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்பி விலை வைத்தால் திட்டத்திலிருந்து முதலில் விலகுவது அவைதான்.

மருந்துக்கு அச்சிட்ட விலையை எடுக்கவே கூடாது. 100 ரூபாய் வீதம் 10 வாங்கி 2 இலவசமாக வந்திருந்தால் ஒன்றின் விலை 1,000-ஐ 12-ஆல் வகுத்து வரும் 83.33. ஆண்டு முடிவில் வரும் தள்ளுபடி கிரெடிட் நோட்டில் இருக்கும், அதையும் கேளுங்கள். ஆய்வகத்தில் இன்னொரு பொறி உண்டு: ரீஏஜென்ட் (பரிசோதனைக்கான வேதிப்பொருள்) வாங்கும் ஒப்பந்தத்தின் பேரில் இயந்திரத்தை நிறுவனமே இலவசமாக வைத்திருக்கும். அதன் விலை ரீஏஜென்ட்டுக்குள் ஏற்கனவே இருப்பதால், இயந்திரத்தைத் தனியாகவும் சேர்த்தால் இரட்டைக் கணக்கு.

சொந்த உபகரணங்களுக்குக் கணக்குப் புத்தகத் தேய்மானம் உதவாது. புத்தகத்தில் பூஜ்ஜியமான ஸ்கேனர் வார்டில் ஓடிக்கொண்டிருக்கும். இன்றைய மாற்று விலை 10 லட்சம், ஆயுள் 10 ஆண்டு, தள்ளுபடி வீதம் (முடங்கிய பணத்துக்கு வட்டி போலக் கணக்கிடுவது) 3 சதவீதம் என்றால் ஆண்டுச் செலவு சுமார் 1,17,230.

படுக்கை நிரம்பும் அளவைக் குறிக்காத செலவு எண்ணை நம்பாதீர்கள். 20 படுக்கைக்கு ஆண்டுக்கு 7,300 படுக்கை நாள். 40 சதவீதம் நிரம்பினால் 2,920, 80 சதவீதத்தில் 5,840. நிலையான செலவு ஒன்றே என்பதால் ஒரு நாளுக்கான பங்கு முதல் நிலையில் இரட்டிப்பாகும். உள்ளபடி ஒன்று, 80 சதவீதத்தில் ஒன்று என இரண்டையும் கொடுங்கள். கடன் வட்டி, வரி, லாபம் மூன்றையும் தனி வரிகளில் வையுங்கள். எவ்வளவு லாபம் அனுமதிப்பது என்பது கொள்கை வகுப்போர் முடிவு.

விருப்பமுள்ளவர்களிடம் மட்டும் தரவு வாங்கினால் மாதிரி சாயும்: கணக்கு ஒழுங்காக வைத்திருக்கும் பெரிய மருத்துவமனைகள் மிகுந்துவிடும். ஜெர்மனியில் செலவுத் தரவு திரட்டும் இனெக் நிறுவனம் நெடுங்காலம் தன்னார்வ மருத்துவமனைகளையே நம்பியிருந்தது. 2016-இல் குலுக்கலில் தேர்வானவை தரவு தந்தே ஆக வேண்டும் என்ற முறை வந்தது. அந்தச் சட்ட பலம் இல்லாத இடத்தில் எழுத்து ஒப்பந்தம்தான் துணை. பெயருக்குப் பதில் குறியீடு, வரி அலுவலகத்துக்குத் தரவு போகாது என்ற உறுதி, மூன்றுக்கும் குறைவான மருத்துவமனைகள் உள்ள பிரிவை வெளியிடாமை ஆகியவை அதில் இருக்கட்டும். பதிலுக்கு ஒவ்வொரு மருத்துவமனைக்கும் அதன் செலவை மற்றவற்றின் சராசரியோடு ஒப்பிட்டு ஓர் அறிக்கை கொடுங்கள். அடுத்த ஆண்டு லெட்ஜரை அவர்களே எடுத்து வைத்திருப்பார்கள்.