யோனி, கர்ப்பம், ஜராயு: சொல்வேர் நோட்டு இதுவரை

பழைய மருத்துவ நூல்களில் பெண் உடலுறுப்புகளுக்கு வரும் சமஸ்கிருதச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து, அவை எங்கிருந்து வந்தன என்று ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். சொல்லுக்கு மூன்று கட்டம்: பழைய சொல்லிலக்கண ஆசிரியர் யாஸ்கர் போன்றவர்கள் காட்டும் வேர், பிற மொழிகளில் உள்ள உறவு, பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதையில் உள்ள பொருள். கூடவே மோனியர் வில்லியம்ஸின் சமஸ்கிருத-ஆங்கில அகராதி. 1899 பதிப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

முதலில் 'யோனி'. ரிக் வேதத்தில் பல இடங்களில் இதற்கு இருப்பிடம் என்றுதான் பொருள். மூன்றாம் மண்டலத்தில் அக்னியைப் பார்த்து 'இது உன் ருத்விய யோனி', அதாவது உரிய காலத்து இருப்பிடம், என்று ஒரு மந்திரம் வருகிறது. ருது என்றால் பருவம். மாதவிடாயைக் குறிக்கும் 'ஆர்த்தவம்' அதிலிருந்து பிறந்ததுதான். பின்னாளில் மருத்துவச் சொற்களான இரண்டும் வேள்வித் தீயைப் பற்றிய ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்த்ததும் அன்றைக்கு வேறு வேலை ஓடவில்லை. இன்னொரு பழைய ஆயுர்வேத ஆசிரியரான சரகர் 20 யோனி நோய்களைச் சொல்கிறார். அவற்றைப் படித்தால் அந்தச் சொல் ஓர் உறுப்போடு நிற்கவில்லை என்று தெரியும்.

'கர்ப்பம்' பற்றும் பொருளுடைய வேரிலிருந்து வந்தது என்கிறார் யாஸ்கர். மொழிகளை ஒப்பிடுபவர்களோ கருப்பையைக் குறிக்கும் கிரேக்க 'டெல்ஃபூஸ்' பக்கம் போகிறார்கள். அங்கே சகோதரன் 'அடெல்ஃபோஸ்', ஒரே கருப்பையில் பிறந்தவன். நம் சகோதரனும் ஒரே உதரத்தில் பிறந்தவன்தானே! 'ஸ்தனம்' ஒலியைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது என்ற பழைய விளக்கம் எனக்கு ஒட்டவில்லை. மார்பைக் குறிக்கும் பாரசீகத்துப் 'பெஸ்தான்' பக்கம்தான் நான்.

கருவைச் சுற்றியுள்ள உறை 'ஜராயு'. அதர்வ வேதத்தில் பாம்பு உரித்த சட்டைக்கும் இதே பெயர். சுகப்பிரசவ மந்திரம் ஒன்றில் 'ஜராயு கீழே விழட்டும்' என்பது பல்லவி போலத் திரும்பத் திரும்ப வருகிறது.

சுசுருதர் யோனியைச் சங்கின் உட்சுழி போல மூன்று சுற்றுடையது என்றும், மூன்றாவது சுற்றில் உள்ள கருப்பை ரோகித (ரோகு) மீனின் வாய் போன்றது என்றும் சொல்கிறார். இதைச் சோதிக்க வீட்டில் கிடந்த உடைந்த சங்கை எடுத்துப் பார்த்தேன். சுழி உள்ளே போகப்போகக் குறுகுகிறது. அப்புறம் மீன் கடையில் ஒரு ரோகுவை நேர் எதிரே பிடித்துப் பார்த்தேன். சின்ன வாய், தடித்த உதடு. கருப்பை வாயை யாரோ கண்ணால் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

இப்போது கையில் இருக்கும் சொல் 'ஆர்த்தவவஹ ஸ்ரோதஸ்', அதாவது ஆர்த்தவத்தைக் கொண்டுசெல்லும் வழிகள். இவை இரண்டு, கருப்பை இவற்றின் மூல இடம், இவை அடிபட்டால் மலட்டுத்தன்மை வரும், புணர்ச்சி தாங்காது, மாதவிடாய் நின்றுபோகும் என்கிறது சுசுருத சம்ஹிதை. இரண்டு என்றதுமே கருக்குழாய் என்று எழுதிவிடுகிறார்கள் சிலர். என் நோட்டில் அந்தக் கட்டத்தில் நூல் சொன்னதை மட்டும் எழுதியிருக்கிறேன்.